பகலெல்லாம் இருட்டு... ராத்திரி மட்டும் சிரிப்பு!



இந்தக் கதையை நீங்க கண்டிப்பா கேட்டிருப்பீங்க. ஒரு ஆள் டாக்டர்கிட்ட போறார். 'மனசு பாரமா இருக்கு டாக்டர். எதுலயும் பிடிப்பே இல்லை. சிரிச்சே பல மாசமாச்சு'ங்கறார். டாக்டர் செக் பண்ணிப் பார்த்துட்டு, 'உடம்புல ஒரு கோளாறும் இல்லை. நம்ம ஊர் தியேட்டர்ல ஒரு கோமாளி கலக்கிட்டு இருக்கார். ஒரு தடவை போய்ப் பாருங்க, எல்லாம் சரியாயிடும்'னு சொல்றார். வந்த ஆள் கொஞ்ச நேரம் பேசாம உட்கார்ந்திருந்துட்டு, 'டாக்டர்... அந்தக் கோமாளியே நான்தான்'ங்கறார்.

செல்போன்ல ஃபார்வேர்டாவோ, கல்ச்சுரல்ஸ்ல யாராவது மைக் பிடிச்சோ இதைச் சொல்லியிருப்பாங்க. ஆளுக்கு ஆள் கோமாளியோட பேர் மட்டும் மாறும். 'வாட்ச்மென்' காமிக்ஸ்ல அவர் பேர் பாக்லியாச்சி. சிலர் ஸ்விட்சர்லாந்தோட க்ரோக் பேர்ல சொல்வாங்க. ஆனா, ரொம்ப காலமா இந்தக் கதை ஒட்டிக்கிட்டு இருக்கறது ஒரு லண்டன்காரர் மேல. பேர், ஜோசப் கிரிமால்டி. இந்த வாரம் நம்ம ஹீரோ அவர்தான்!

'யாருங்க அது?'ன்னு கேட்கறீங்களா? பர்த்டே பார்ட்டியில, மூஞ்சி முழுக்க வெள்ளை பெயின்ட், கன்னத்துல சிவப்பு, பெரிய சிவப்பு வாய்னு ஒருத்தர் வந்து, பலூனை முறுக்கி நாய்க்குட்டி பண்ணித் தருவாரே... அந்த முகத்துக்கு முப்பாட்டன் இவர். இவருக்கு முன்னாடி இங்கிலாந்து மேடையில கோமாளின்னா, பட்டணம் பார்க்க வந்த பட்டிக்காட்டு அப்பாவி, அவ்வளவுதான். 1800-ம் ஆண்டு லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் தியேட்டரில் 'பீட்டர் வில்கின்ஸ்' என்ற ஷோவில்தான் அந்த வேஷம் கலர்ஃபுல் டிரெஸ்ஸும் புது மேக்கப்புமாக மாறியது. வெள்ளை முகம், கன்னத்தில் சிவப்பு முக்கோணம் என்று அதைத் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டார் ஜோ. அவரோட செல்லப் பேரை வெச்சுத்தான் கோமாளிகளுக்கே 'ஜோயி'ன்னு பேர் வந்தது!

அவர் பேர்லயே ஒரு சோக ஜோக்கும் இருக்கு. கிரிமால்டிங்கறதை உடைச்சா 'கிரிம் ஆல் டே'. அதாவது, நாள் முழுக்க இறுக்கம். பகலெல்லாம் நான் அப்படித்தான், ராத்திரி மட்டும் உங்களைச் சிரிக்க வைக்கிறேன்னு அவரே சொல்வாராம்.

கேட்டதும் 'ப்ச்'னு சொல்லத் தோணுதில்ல? அங்கேதான் கொஞ்சம் நிறுத்துங்க. அந்தப் பகல் ஏன் இறுக்கமா இருந்ததுன்னு யாராவது கேட்டாங்களா? வாங்க, நாம கேட்போம்.

வீட்டுக்குள்ளே வில்லன்

ஜோ பிறந்தது 1778 டிசம்பர் 18, லண்டனில். அப்பா ஜூஸெப்பே, இத்தாலிய நாடகப் பரம்பரை. ட்ரூரி லேன் தியேட்டரில் டான்ஸ் மாஸ்டர், நடிகர். அம்மா ரெபெக்கா டான்ஸர். அப்பா பெரிய திறமைசாலி, ஆனால் பயங்கர முரடர். பயிற்சி என்ற பேரில் குழந்தைகளை அடித்து நொறுக்குவார். சாவு பற்றிய பயம் வேறு அவரை ஆட்டிப்படைத்தது. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று பயந்து, புதைக்கும் முன் தலையைத் தனியாக வெட்டிவிட வேண்டும் என்று உயில் எழுதிவைத்த மனுஷன் அவர்!

ஒருநாள் அவர் செத்த மாதிரி படுத்துக்கொண்டாராம். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று டெஸ்ட்! ஜோ அழுதான். தம்பி ஜான், 'விட்டதடா தொல்லை'ன்னு குதித்து ஆடினான். 'பிணம்' எழுந்து வந்து தம்பியை வெளுத்து வாங்கியது. இது ஜோவின் நினைவுக் குறிப்புகளில் இருக்கும் சம்பவம். படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரும். ஆனா, அந்த வீட்டில் ஒரு குழந்தைக்கு அழுகைகூட அடியிலிருந்து தப்பிக்கும் ஒரு வழியா இருந்திருக்குங்கறதை யோசிச்சுப் பாருங்க.

ஜோ மேடை ஏறியபோது வயசு மூணுகூட ஆகவில்லை. ஒரு ஷோவில் அவனுக்குக் குரங்கு வேஷம். இடுப்பில் சங்கிலி கட்டி, அப்பா தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றுவார். ஒருநாள் சங்கிலி அறுந்து, பையன் நேராக ஆடியன்ஸுக்குள் போய் விழுந்தான். ஒரு பெரியவர் கைகளில் விழுந்ததால் பிழைத்தான். 

1788-ல் அப்பா உண்மையிலேயே இறந்துபோனார். ஜோவுக்கு ஒன்பது வயசு. சாட்லர்ஸ் வெல்ஸில் அதுவரை அவன் சம்பளம் வாரத்துக்கு 15 ஷில்லிங். அப்பா போனதும் அதை எவ்வளவாகக் குறைத்தார்கள் தெரியுமா? 3 ஷில்லிங்! கேட்க ஆள் இல்லாத வீடு என்றால் முதலாளிகள் எல்லா ஊரிலும் ஒரே கணக்குதான் போடுவார்கள் போல. குடும்பத்துக்காகப் பையன் இரண்டு தியேட்டரில் வேலை பார்க்க ஆரம்பித்தான். ஒரே ராத்திரியில் இங்கே ஒரு ஷோ, முடிந்ததும் தெருவில் ஓட்டமாக ஓடி அங்கே ஒரு ஷோ. இந்த ஓட்டம் வளர்ந்த பிறகும் பல வருஷம் நிற்கவில்லை.

தம்பி ஜான் சின்ன வயசிலேயே கப்பலேறிவிட்டான். பல வருஷம் தகவலே இல்லை. 1803-ல் ஒரு ராத்திரி, ட்ரூரி லேன் மேடை வாசலில் வந்து நின்றான். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். 'இதோ வந்துடறேன்' என்று வெளியே போனவன், அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. ஜோ ஊரெல்லாம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

கூனும் சுமையும்

நடுவில் ஒரு காதல் கதையும் உண்டு. மரியா ஹ்யூஸ். சாட்லர்ஸ் வெல்ஸ் முதலாளியின் மகள்! முதலாளி பொண்ணை வேலைக்காரப் பையன் லவ் பண்ணினா என்ன ஆகும்? நம்ம சினிமாவா இருந்தா ரெண்டு ஃபைட் வந்திருக்கும். இங்கே அப்பா சம்மதித்தார். 1799-ல் கல்யாணம். ஜோவின் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் அதுதான். அது முழுசா ரெண்டு வருஷம்கூட நீடிக்கவில்லை. 1800 அக்டோபரில் பிரசவத்தில் மரியா இறந்தார். குழந்தையும் தங்கவில்லை.

அடுத்த டிசம்பரில், அதாவது ரெண்டே மாசத்தில், ட்ரூரி லேனில் 'ஹார்லிக்வின் அம்யுலெட்' மேடையேறியது. அதில் ஜோவுக்கு முதலில் பஞ்ச் வேஷம். மார்பிலும் முதுகிலும் பெரிய கூனைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டும். பிறகு அதே ஷோவில் கோமாளியாக மாற வேண்டும். பொண்டாட்டி, பிள்ளையைப் பறிகொடுத்த 22 வயசுப் பையன், கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த குழந்தைகளுக்காகக் கூனைச் சுமந்து ஆடினான். ஷோ ஹிட்.

அடுத்த வருஷம் இன்னொரு விபத்து. ஒரு நாடகத்தில் பூட்ஸுக்குள் செருகியிருந்த துப்பாக்கியை உருவும்போது, அது உள்ளேயே வெடித்துக் கால் வெந்துபோனது. வாரக்கணக்கில் படுக்கை. அப்போது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் மேரி பிரிஸ்டோ என்ற டான்ஸர். 1801 டிசம்பரில் ரெண்டு பேருக்கும் கல்யாணம். 1802-ல் ஒரு பையன். அவனுக்கும் ஜோசப் என்றே பேர் வைத்தார்கள். அந்தப் பையன் கதைக்குப் பிறகு வருவோம்.

சூப்பர் ஸ்டார் சீஸன்!

1806 டிசம்பர் 29. கோவென்ட் கார்டன் தியேட்டரில் 'ஹார்லிக்வின் அண்ட் மதர் கூஸ்' ரிலீஸ். அந்தக் காலத்து லண்டனில் கிறிஸ்துமஸ் சீஸன் என்றால் பாண்டோமைம்தான். நம்ம ஊர் தீபாவளி ரிலீஸ் மாதிரி, குழந்தை குட்டியோட குடும்பமே கிளம்பிப்போகும். மதர் கூஸ் 92 நாள் ஓடியது. தியேட்டருக்கு லாபம் 20,000 பவுண்டுக்கு மேல். ஜோ ராத்திரியோடு ராத்திரியாக லண்டனின் செல்லப்பிள்ளை ஆனார்.

என்ன பண்ணுவார் மேடையில்? கடையில் தொங்கும் சாஸேஜைத் திருடுவார். வாத்தைப் பாக்கெட்டில் அமுக்குவார். காய்கறிகளை அடுக்கி ஒரு ஆளைச் செய்வார். அந்தக் காய்கறி மனிதன் உயிர் பெற்று, அவரையே அடிக்க வருவான்! நிலக்கரிக் கூடையைக் காலில் மாட்டி பூட்ஸாக்கி, ராணுவ ஆபீஸர்களின் பகட்டைக் கிண்டல் பண்ணுவார். 1811-ல் 'ஹார்லிக்வின் அண்ட் பத்மநாபா' என்று ஒரு ஷோ. பேரைப் பார்த்தீங்களா? அதில் நிஜ யானையே மேடைக்கு வந்தது! குழந்தைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

ஆனால் இதெல்லாம் வாயால் பேசி நடக்கும் காமெடி இல்லை. குட்டிக்கரணம், உயரத்திலிருந்து குதித்தல், மேடைத் தரையில் திடீரென்று திறக்கும் குழிக்குள் விழுதல் என்று எல்லாமே உடம்பு செய்த காமெடி. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு மூட்டு விலை கொடுத்தது. சீஸன் இல்லாத மாதங்களில் வெளியூர் டூர். சம்பாதித்ததில் ஒரு பகுதியைப் போட்டு சாட்லர்ஸ் வெல்ஸில் பங்கு வாங்கினார். அதுவும் நஷ்டம். ஆகவே உடம்பு 'போதும்'னு கெஞ்சினாலும் நிறுத்த முடியாத நிலைமை.

1823. ஜோவுக்கு 44 வயசு. அந்தக் கடைசி சீஸனைப் பற்றி நினைவுக் குறிப்புகளில் ஒரு காட்சி வரும். ஒவ்வொரு சீன் முடிந்ததும் அவர் தள்ளாடியபடி மேடை ஓரத்துக்கு வருவார். அங்கே அவரைத் தாங்கிப் பிடிக்கவே ஆட்கள் காத்திருப்பார்கள். சிலர் பிடித்துக்கொள்ள, சிலர் சுருட்டிக்கொண்ட கை கால்களைத் தேய்த்துவிடுவார்கள். வலி உயிர் போகும். திரைக்கு அந்தப் பக்கம், அவர் செய்த சேஷ்டைக்காக ஜனம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும். அடுத்த சீனுக்கு மணியடிக்கும். மறுபடியும் குதிப்பார்.

அந்த வருஷமே மேடை முடிந்தது. 1828-ல் ரெண்டு பிரிவு உபசார ஷோக்கள். மார்ச்சில் சாட்லர்ஸ் வெல்ஸ், ஜூனில் ட்ரூரி லேன். நிற்க முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடித்தார். ஒரு காலத்தில் தலைகீழாக நின்றபோது இருந்த தெம்புகூட இப்போது காலில் நிற்கும்போது இல்லை என்று பேசி, அதிலும் சிரிக்க வைத்தார்.

மகன் தந்தைக்கு...

மகன் ஜோசப் 1814-லேயே அப்பாவோடு மேடை ஏறியவன். அப்பா ராபின்ஸன் க்ரூஸோ, மகன் ஃப்ரைடே. நல்ல திறமைசாலி. அப்பா ஓய்வுபெற்றதும் கோவென்ட் கார்டனில் கோமாளி வேஷம் மகனுக்கே வந்தது. ஆனால், குடி அவனைப் பிடித்துக்கொண்டது. ஒரு தகராறில் போலீஸ்காரரின் தடி தலையில் பட்ட பிறகு பையன் ஆளே மாறிவிட்டான், வலிப்பு வேறு வர ஆரம்பித்தது என்று நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. ஒவ்வொரு தியேட்டராகக் கைநழுவியது. அப்பா அம்மாவோடும் பேச்சு நின்றது. 1832 டிசம்பரில் இறந்தான். வயசு 30. ரெண்டு வருஷம் கழித்து மேரியும் போய்ச் சேர்ந்தார்.

ஜோ தனியாளானார். பென்டன்வில் பகுதியில் ஒரு சின்ன வீடு. தினமும் சாயங்காலம் பக்கத்திலிருக்கும் பப்புக்குப் போவார். நாலு பேரோடு பேசிச் சிரிப்பார். நடக்க முடியாது. அதனால், ராத்திரி கடை மூடும்போது, பப் ஓனர் அவரை முதுகில் சுமந்துகொண்டு வீட்டில் விட்டுவிட்டு வருவார். 1837 மே 31 ராத்திரியும் அப்படித்தான். மறுநாள் காலையில், வீட்டு வேலை செய்யும் அம்மா போய்ப் பார்த்தபோது, படுக்கையிலேயே உயிர் பிரிந்திருந்தது.

அழகான சோகம், வசதியான சோகம்!

அடுத்த வருஷம் அவருடைய நினைவுக் குறிப்புகள் புத்தகமாக வந்தன. எடிட் செய்தவர் யார் தெரியுமா? சார்லஸ் டிக்கன்ஸ்! அதற்கு முன்பே 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில், குடித்துக் குடித்தே சாகும் ஒரு மேடைக் கோமாளியை அவர் எழுதியிருந்தார். அந்தப் பாத்திரம் ஜோவின் மகன்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். 'வெளியே சிரிப்பு, உள்ளே அழுகை' என்ற கோமாளி ஃபார்முலாவை உலகத்துக்குப் பிடிக்கவைத்ததில் டிக்கன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு என்கிறார், 2009-ல் கிரிமால்டியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆண்ட்ரூ மெக்கானெல் ஸ்டாட்.

அந்த ஃபார்முலாவில்தான் எனக்கு ஒரு சண்டை இருக்கு ஃப்ரெண்ட்ஸ். 'மேதைன்னா சோகம் இருக்கும்... சோகம் இருந்தாத்தான் சிரிக்க வைக்க முடியும்'னு ஈஸியா சொல்லிட்டுப் போயிடறோம். ஜோவோட பாரத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. மரியா பிரசவத்துல இறந்தது, யாராலயும் தடுக்க முடியாத சோகமா இருந்திருக்கலாம். மத்ததெல்லாம்? மூணு வயசுக் குழந்தையைச் சங்கிலியில கட்டிச் சுழற்றினது விதியா? அப்பன் இல்லாத பையனுக்கு 15-ஐ 3 ஆக்கினது மேதைகளோட சாபமா? ரெண்டு மாசத் துக்கத்துல இருக்கறவன் முதுகுல கூனு கட்டினது யாரு? நாற்பது வயசுக்குள்ள ஒரு உடம்பைச் சக்கையாப் பிழிஞ்சது எது? இதெல்லாம் மனுஷங்க பண்ணினது. அதனால, மனுஷங்களால மாத்தியிருக்கவும் முடியும்.

'பாவம், சோகக் கோமாளி'ன்னு சொன்னா, டிக்கெட் வாங்கினவங்களும் தியேட்டர் முதலாளிகளும் ஈஸியா தப்பிச்சுடறாங்க. அந்த டாக்டர் கதையையே பாருங்க. 'நான்தான் அந்தக் கோமாளி'ன்னு அவர் சொன்னதோட கதை முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் டாக்டர் என்ன பண்ணினார்? யாருமே கேட்கறதில்லை. ஏன்னா, நமக்கு அந்த 'பன்ச்' போதும்.

உண்மையில ஜோவுக்கு உதவினது ரெண்டே விஷயம். ஒண்ணு, ட்ரூரி லேன் தியேட்டர் ஃபண்ட். 1766-ல் டேவிட் கேரிக் என்ற நடிகர், முடியாமல்போன கலைஞர்களுக்காக ஆரம்பித்துவைத்தது. அதிலிருந்து ஜோவுக்கு வருஷம் 100 பவுண்டு வந்தது. கடைசிவரைக்கும் அவர் சாப்பிட்டது அதில்தான். இன்னொண்ணு, அந்த பப் ஓனரோட முதுகு. முதலாவது, ஒரு தொழில்ல இருக்கறவங்க முன்கூட்டியே யோசிச்சுக் கட்டிவெச்ச ஏற்பாடு. ரெண்டாவது, பக்கத்துல இருக்கற மனுஷன் தினமும் பண்ணின சின்ன வேலை. ரெண்டுலயும் கவிதை இல்லை. ஆனா, ஆளைக் காப்பாத்தினது அதுதான்.

இன்னிக்கும் பிப்ரவரி முதல் ஞாயிறு, கிழக்கு லண்டன்ல ஒரு சர்ச்சுல உலகத்துக் கோமாளிகள் எல்லாம் ஃபுல் மேக்கப்புல கூடி, கிரிமால்டிக்காகப் பிரார்த்தனை பண்றாங்க. 1940-கள்லேர்ந்து நடக்குது. பென்டன்வில்ல அவரைப் புதைச்ச இடம் இப்போ அவர் பேர்லயே பார்க். அங்கே 2010-ல் சவப்பெட்டி வடிவத்தில் ஒரு மேடை வைத்தார்கள். அது மேல ஏறிக் குதிச்சா, அவரோட பாட்டு ஒண்ணு கேட்கும்! குழந்தைகள் அவர் கல்லறைமேலேயே டான்ஸ் ஆடலாம். ஜோ பார்த்திருந்தா சிரிச்சிருப்பார்.

சரி, நாம என்ன பண்ணலாம்? பெருசா ஒண்ணும் வேண்டாம். அடுத்த தடவை பார்ட்டிக்கோ, மாலுக்கோ போறப்போ, வெள்ளை பெயின்ட்டும் விக்குமா ஒருத்தர் மூணு மணி நேரமா குதிச்சுட்டு இருப்பார். குழந்தைங்க போட்டோ எடுத்து முடிச்சதும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு, 'உட்காருங்கண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?'ன்னு கேளுங்க. ஏற்பாடு பண்ணினது உங்க வீடா இருந்தா, பேசின காசைப் பேரம் பேசாம, அலைய விடாம, அன்னிக்கே கையில கொடுங்க.

அப்புறம், உங்க கேங்ல ஒருத்தன் இருப்பான். ஹெச்.ஓ.டி. மாதிரி பேசிக்காட்டி, அரியர் லிஸ்ட் வந்த அன்னிக்கும் எல்லாரையும் சிரிக்க வைக்கறவன். அவன் ரெண்டு நாள் சைலன்ட்டா இருந்தா, 'என்ன மச்சி, இன்னிக்கு மொக்கை போடலை?'ன்னு கலாய்க்கறதோட விட்டுடாதீங்க. 'சாப்பிட்டியாடா? வா, ஒரு டீ அடிக்கலாம்'னு தோள்ல கை போட்டு வெளியே கூட்டிட்டுப் போங்க. அவன் பேசினா கேளுங்க. அவன் சொல்றது உங்க கைக்கு மீறினதா இருந்தா, நல்ல டாக்டர்கிட்ட நீங்களே கூடப் போங்க. தியேட்டருக்கு அனுப்பற டாக்டர்கிட்ட மட்டும் வேண்டாம்!

அடுத்த வாரம் இன்னொரு ஆளோட மீட் பண்ணலாம். பை!